பெரட்டுக் குரலும் வாழை இலையும்: சுங்கை சிப்புட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு, சோறு சரியில்லாத கோபத்தில்தான் இந்த ஆள் வாடிக்கையாளர்களைக் குறை கூறுகிறார் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பழைய கடைவீட்டு வரிசை ஒன்றில் இயங்கும் இந்த வாழை இலைச் சாப்பாட்டுக் கடையின் மீன் குழம்பு, ஈப்போவில் இருமடங்கு விலை கொடுத்து நான் சாப்பிட்ட பல குழம்புகளைவிட நன்றாக இருக்கிறது. கடையின் பெயரை எழுதவில்லை. நடத்துபவரை ஊரே அக்கா என்றுதான் அழைக்கிறது. எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "பேரு மட்டும் போட்டுறாதீங்க தம்பி, இருக்கிற கூட்டத்துக்கே என்னால பதில் சொல்ல முடியல" என்றார். ஊரில் உள்ளவர்களுக்கு எந்தக் கடை என்று இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

மதியச் சாப்பாடு 11.30 மணிக்கெல்லாம் தயாராகிவிடுகிறது. இலையில் இரண்டு பொரியல், ஒரு கூட்டு, தயிர்ப் பச்சடி, அப்பளம், மோர் மிளகாய் ஆகியவை வரும். சோற்றின்மேல் பருப்பா, மீன் குழம்பா, கோழிக் குழம்பா என்று கேட்டு ஊற்றுவார்கள். பாகற்காயைத் தாள்போல் மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி ஊறவைத்து மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்கிறார்கள். அதற்காகவே வருபவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். மீன் குழம்பில் வெண்டைக்காயும் கத்தரிக்காயும் குழையாமல் இருக்கின்றன, புளி முந்திக்கொண்டு நிற்பதில்லை. ரசத்தில் மிளகையும் பூண்டையும் உரலில் இடித்துப் போடுகிறார்கள் என்பதை முதல் வாயிலேயே தொண்டை சொல்லிவிடும். சைவச் சாப்பாடு 9 வெள்ளி (ரிங்கிட்), கோழிப் பிரட்டலோடு 14 வெள்ளி. சோறும் குழம்பும் கேட்கக் கேட்கக் கிடைக்கும். ஆட்டுக்கறிப் பிரட்டலை மட்டும் தவிர்க்கலாம். நான் சாப்பிட்ட இரண்டு முறையும் கறி வேகவில்லை. பச்சடி ஒரு மணிக்குமேல் நீர்த்துவிடுகிறது.

இந்த அளவோடு நிறுத்திவிட்டால் இது வழக்கமான மதிப்புரையாக இருந்திருக்கும். ஆனால் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது சோற்றை மட்டுமல்ல, அரைமணி நேர அமைதியையும் சேர்த்துத்தான். அந்த அமைதி இந்தக் கடையில் கிடைப்பதில்லை, அதற்குச் சமையல்கட்டு காரணமில்லை. நான்கு முறை, அவற்றில் இரண்டு முறை வெள்ளிக்கிழமை மதியம், இங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன். நான்கு முறையும் என் செரிமானத்தைக் கெடுத்தவர்கள் பக்கத்து மேசைக்காரர்கள்தாம்.

கடைக்குள் எட்டு மேசைகள். அஞ்சடியில், அதாவது கடை முன்னே உள்ள நடைபாதையில், மேலும் இரண்டு. பெரிய சாலையின் போக்குவரத்தில் பெரும்பகுதியை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இழுத்துக்கொண்டுவிட்டது. 1994இல் அது முழுமையாகத் திறக்கப்பட்டதற்குமுன் லாரிக்காரர்களும் பேருந்துப் பயணிகளும் இங்கே இறங்கித்தான் சாப்பிடுவார்கள் என்று அக்காவின் மாமியார் சொன்னார். இப்போது வருபவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். எல்பில், ஹீவூட் போன்ற தோட்டங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றுப் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளில் குடியேறியவர்கள், அவர்களுடைய தொழிற்சாலைப் பிள்ளைகள், அலுவலகக்காரர்கள், வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து பெற்றோரைப் பார்க்கக் காரில் வரும் குடும்பங்கள். சுவரில் இந்த ஊரில் 1919இல் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தனின் பழைய படம் ஒன்று தொங்குகிறது. அதன் கீழ் மேசை எப்போதும் நிறைந்திருக்கும். மின்விசிறி அங்கேதான் இருக்கிறது.

பரிமாறுவது ஒரு பெண்ணும் வங்காளதேசத்து இளைஞர் ஒருவரும். பெண்ணுக்கு இருபது வயதுக்கு உள்ளாகத்தான் இருக்கும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறாள். இளைஞர் மலாய் பேசுகிறார். சாப்பாட்டுக்குத் தேவையான தமிழ் முழுவதும் அவருக்குத் தெரியும், 'கொஞ்சம்' என்பதற்கும் 'கொஞ்சூண்டு' என்பதற்கும் உள்ள வேறுபாடு உட்பட. பத்து மேசைக்கு இருவர் என்பது மிகக் குறைவு. அதையும் கடையின் குறையாகவே குறித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போகும் பாதித் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் வெள்ளிக்கிழமை, எனக்கு எதிரே உட்கார்ந்த ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனாவும் கழுத்தில் அலுவலக அட்டையும் தொங்க, அந்தப் பெண்ணை நோக்கி விரலைச் சொடுக்கினார். அவள் மற்றொரு மேசையில் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் சொடுக்கினார். பிறகு, "ஏய் பொண்ணு, காது கேக்கலையா, அப்பளம் கேட்டு எவ்ளோ நேரமாச்சு" என்றார். அவர் அப்பளம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எதிரே இருந்த எனக்குக் கேட்டிருக்கும். அவள் அப்பளத் தட்டோடு வந்து, "வைக்கிறேங்க ஐயா" என்று இரண்டாக வைத்துவிட்டுப் போனாள். அந்த 'ஐயா'வில் இருந்த குளிர்ச்சி அவருக்கு எட்டவில்லை, அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலை நான் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வரிசையாக நின்று, பெயர் கூப்பிடக் கேட்டு, வேலையை மேற்பார்க்கும் தண்டல் காட்டிய மர வரிசைக்குப் போனவர்கள் அந்தத் தலைமுறையினர். தோட்ட நிர்வாகியான பெரிய துரை கிராணி என்ற எழுத்தரிடம் பேசுவார், கிராணி தண்டலிடம் பேசுவார், தண்டல் மற்ற எல்லாரையும் பார்த்துக் கத்துவார். ஐம்பது வயது ஆளை 'டேய்' என்று அழைப்பதற்குத் தண்டலுக்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. கங்காணி வழியாக ஆள் சேர்த்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்து நிறுத்தியது. அதற்குப் பிறகும் கங்காணியின் தொண்டை மட்டும் யாரோ ஒருவருக்கு வாரிசுரிமையாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிந்து, பிள்ளைகள் அலுவலகத்துக்குப் போன பின்னும், யாரையாவது வேலை வாங்கும் நிலையில் ஒரு மணி நேரம் உட்கார வாய்த்தால் நம் வாயில் வருவது அந்தப் பெரட்டுக் குரல்தான். 9 வெள்ளிக்கு அந்த ஒரு மணி நேரமும் சேர்ந்தே கிடைக்கிறது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

இது அலுவலகக்காரர்களின் குணம் மட்டுமன்று. பெரட்டில் நின்ற ஓய்வூதியக்காரர்களும் அதே குரலில்தான் 'தண்ணி' என்கிறார்கள். கோலாலம்பூர்க் குடும்பங்கள் இன்னொரு வகை. அவர்கள் கத்துவதில்லை, பிள்ளைகள் இலையைக் கிழித்துத் தரையில் போடுவதையும், கை கழுவும் தொட்டியில் எலும்பைத் துப்புவதையும் கைப்பேசியைப் பார்த்தபடி அனுமதிக்கிறார்கள், போகும்போது "இந்த ஊர்க் கடைகள் இன்னும் மாறவே இல்லை" என்கிறார்கள். எனக்கு இரண்டாம் வகையினர்மீதுதான் கோபம் அதிகம். அது என் சொந்தக் குறையாகவும் இருக்கலாம்.

இங்கே கடையின்மீது என் முதன்மையான குற்றச்சாட்டைச் சொல்லவேண்டும். இந்தக் கடையில் கத்துபவருக்குத்தான் முதலில் சோறு கிடைக்கிறது. இரண்டாவது முறை போனபோது கையில் கடிகாரத்தோடு கவனித்தேன். நான் ரசம் கேட்டு, அமைதியாகக் காத்திருந்து, அது என் இலைக்கு வர இருபது நிமிடங்கள் ஆயின. எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, மேசையைத் தட்டி, "இங்க ஆள் இருக்கா இல்லையா" என்று கேட்டவருக்கு மூன்று நிமிடத்தில் இலை, சோறு, குழம்பு, ரசம் எல்லாம் வந்துவிட்டன. பரிமாறும் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. இருவர் பத்து மேசையைப் பார்க்கும்போது, எந்த மேசையில் சத்தம் எழுகிறதோ அதை முதலில் அடக்குவதுதான் அவர்களுக்கு எளிது. ஆனால் கடை இப்படியே நாள்தோறும் நடந்தால், மேசையைத் தட்டுவதுதான் இங்கே முறை என்று வருபவர்கள் எல்லாரும் கற்றுக்கொள்வார்கள். அன்றைக்கு இரண்டு மணிவாக்கில், வழக்கமாக வாய் திறக்காத ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்கூடக் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். தட்டிவிட்டு என்னைப் பார்த்து வெட்கப்பட்டார்.

இதற்கு மாறான காட்சி அதே கடையின் வாசலிலேயே இருக்கிறது. பொட்டலம் கட்டும் பகுதி அஞ்சடியை ஒட்டி இடப்பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் அக்காவின் தம்பி. சென்ற ஆண்டுவரை அந்தப் பக்கம் நிற்கவே முடியாது. தோளால் இடித்து முன்னால் வருபவர், "நான் அப்பவே சொன்னேன்" என்பவர், காரை நடுச்சாலையில் நிறுத்தி ஹாரன் அடித்து ஆர்டர் சொல்பவர், வரிசையில் நிற்கும் பெண்களுக்கு இடையே கையை நீட்டிக் காசு கொடுப்பவர் என்று எல்லாவகையினரும் அங்கே இருந்தார்கள். தம்பி செய்தது சிறிய வேலை. காலியான ஐஸ்கிரீம் டப்பா மூடிகளில் மை பேனாவால் 1 முதல் 40 வரை எண் எழுதி, வருபவர் கையில் ஒன்று கொடுத்துவிடுகிறார்; கட்டி முடித்ததும் எண்ணைக் கூப்பிடுகிறார். எண் இல்லாதவர் எவ்வளவு சத்தம் போட்டாலும், "மூடி வாங்கிக்கங்கண்ணே" என்ற ஒரே பதில்தான். முதல் வாரத்தில் இரண்டு பேர் மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார்களாம். இப்போது அங்கே பதினைந்து பேர் நின்றாலும் சத்தம் இல்லை; தங்கள் மூடியைப் பார்த்துக்கொண்டு, தமக்கு முன்னால் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அதே ஊர், அதே மனிதர்கள். சிலர் வெள்ளிக்கிழமை உள்ளே மேசையைத் தட்டிவிட்டுச் செவ்வாய்க்கிழமை வெளியே மூடியோடு பணிவாக நிற்பவர்கள். கத்துவதால் இடம் முன்னேறாது என்று தெரிந்தவுடன் கத்தல் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

உள்ளேயும் இதைச் செய்தால் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். மேசைக்கு எண் போட்டு, வந்த வரிசைப்படி கவனித்தால் போதுமே என்றேன். அவர் சொன்ன பதிலை எளிதில் தள்ளிவிட முடியவில்லை: "வெளியில கட்டிட்டுப் போறது வியாபாரம். உள்ள வந்து இலை போட்டு உக்காந்துட்டா அவங்க வீட்டுக்கு வந்த மாதிரி. வீட்டுக்கு வந்தவங்களுக்கு நம்பர் குடுப்பாங்களா?" தம்பி அருகில் நின்று, "வீட்டுக்கு வர்றவங்க விரல சொடுக்குவாங்களா?" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் இந்த விவாதம் பலமுறை நடந்து முடிந்தது என்று தெரிந்தது. என் மதிப்பீட்டில் தம்பி சொல்வதே சரி. ஆனால் அக்காவின் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்த விலைக்குக் கேட்கக் கேட்கச் சோறு போடும் கடையும் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கல்லாவில் எழும் சண்டைகள் வேறு வகை. அவற்றில் வாடிக்கையாளர்கள் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு என்பதால் தனியாகச் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு வரை 8 வெள்ளியாக இருந்த சைவச் சாப்பாடு இப்போது 9 வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்காக அக்கா கேட்ட வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் 2023 நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து இல்லை. முட்டைக்கானவை 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதியோடு நின்றுபோயின. குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக, ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1ஆம் தேதி முதலும், அதைவிடச் சிறிய கடைகளுக்கு அதே ஆகஸ்ட் 1ஆம் தேதி முதலும் உயர்ந்தது. இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்து, தேநீர் குடித்துக்கொண்டே அரசாங்கத்தை விமர்சித்துவிட்டு எழுந்து வருபவர், கல்லாவில் அந்த ஒரு வெள்ளியைப் பார்த்ததும் "கொள்ளையடிக்கிறீங்களா?" என்று கேட்பதை நான் நேரில் பார்த்தேன். தம் மகனின் சம்பளம் உயர்ந்ததை அதே மேசையில் சொல்லி மகிழ்ந்தவர் அவர்.

ஆனால் மீன் விலை விஷயத்தில் தவறு கடையினுடையது. மீன் தலைக் கறி, பொரித்த தெங்கிரித் துண்டு, நண்டு ஆகியவற்றுக்கு எங்கேயும் விலை எழுதியிருக்கவில்லை. "சைஸைப் பார்த்துச் சொல்வோம்" என்கிறார்கள், ஆனால் சாப்பிட்ட பிறகுதான் சொல்கிறார்கள். மூன்றாவது முறை போனபோது, ஒரு குடும்பம் மீன் தலை ஒன்றுக்கு 38 வெள்ளி என்று கேட்டுக் கொதித்துப்போனது. தந்தை, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போவேன், உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுப்பேன் என்று கடையே கேட்கக் கூவினார். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டிப் புகாரைப் பதிவு செய்யலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ஒரு மீன் தலைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஆனால் விலையை எழுதி வைப்பது கடைக்காரரின் கடமை. அதைச் செய்யாதவரை அந்தத் தந்தையின் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி, கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்காவை விட்டுவிட்டுத் தட்டு எடுத்துக்கொண்டிருந்த வங்காளதேசத்து இளைஞரைப் பார்த்து, அவருடைய நாட்டைச் சொல்லித் திட்டியதில் போயிற்று.

அப்போது நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது. அக்கா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, அவர்கள் கொடுத்திருந்த ஐம்பது வெள்ளித் தாளை மேசைமேல் திரும்ப வைத்தார். "மீன் தலைக்குக் காசு வேணாம். விலை எழுதாதது என் தப்பு. ஆனா என் புள்ளைய பேசினதுக்கு இனிமே இங்க வராதீங்க" என்றார். குரல் உயரவில்லை. அந்தக் குடும்பத்தில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். அவர் மட்டும் அந்த இளைஞரிடம் போய் மலாயில் ஏதோ சொல்லிவிட்டு, அந்தத் தாளை எடுத்து மறுபடியும் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். அந்த அளவுக்கு அக்காவைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பெண்ணை நாள்தோறும் 'ஏய்' என்றும் 'வாடி' என்றும் அழைப்பவர்களிடம் அவர் ஒருநாளும் அப்படி எழுந்து வந்ததில்லை. கேட்டதற்கு, "அவ நம்ம புள்ள, தாங்கிக்குவா" என்றார். அந்தப் பெண் தாங்கிக்கொள்கிறாள் என்பது உண்மை. வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள் என்பதும் உண்மை, அதை அவளே சொன்னாள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான்காவது முறை, சாப்பிட்டு முடித்து அம்மாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு காருக்குப் போய்ப் பார்த்தால் ரசப் பை இல்லை. வெயிலில் திரும்பி நடந்து வந்த கோபத்தில், அந்த இளைஞரைப் பார்த்து, "ரசம் எங்க? ஒரு வேலையை ஒழுங்கா செய்ய மாட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்டபோது என் வலது கை ஆள்காட்டி விரல் நீண்டிருந்தது. ரசம் தனிப் பையில், நான் வைத்துவிட்டுப் போன அதே மேசைமேல், என் கண்ணாடிப் பெட்டியோடு சேர்ந்து இருந்தது. அவர் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன், "தாப்பா, தாப்பா" என்று, பரவாயில்லை என்பதை மலாயில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு இது அன்றைக்கு எத்தனையாவது முறை என்று காட்டியது.

மற்றவை சிறியவை. 2019 சனவரி 1ஆம் தேதி முதல் சாப்பாட்டுக் கடைகளில், திறந்தவெளி மேசைகள் உட்பட, புகைப்பதற்குத் தடை உண்டு. மூன்று மீட்டர் தள்ளிப் போய்த்தான் புகைக்கவேண்டும். அஞ்சடி மேசைக்காரர்கள் சிலர் நாற்காலியை அரையடி நகர்த்திப் போட்டுக்கொண்டு அதையே மூன்று மீட்டராகக் கருதுகிறார்கள். கியூஆரில் பணம் செலுத்திவிட்டதாகத் திரையை ஒரு கணம் காட்டிவிட்டு ஓடுபவர்கள் இருந்தார்களாம். பணம் வந்ததும் சத்தமாக அறிவிக்கும் சிறிய பெட்டியை வாங்கி வைத்தபின் அவர்கள் வருவதில்லை. மூன்று மணிக்குக் கடை சாத்தும் நேரத்தில் பத்துப் பேரோடு வந்து நிற்பவர்களுக்கு அந்தப் பெட்டியால் பயனில்லை.

ஆக, சாப்பாட்டுக்கு ஐந்துக்கு நான்கரை. ஆட்டுக்கறிக்காக அரை குறைத்தேன். விலைக்கு நான்கு, மீன் விலையை எழுதி வைத்தால் நான்கரை ஆகும். உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் அனுபவத்துக்கு இரண்டு, பொட்டலப் பகுதிக்கு ஐந்து. உடன் உண்பவர்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் எங்கும் இல்லை. இருந்திருந்தால் ஆசிரியருக்கும் அந்த வயதான அம்மாவுக்கும் மட்டும் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன், எனக்கு மூன்று.

போக விரும்புகிறவர்களுக்கு: செவ்வாய் தவிர எல்லா நாளும் மதியம் திறந்திருக்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறது, ஆனால் செவ்வாயன்றும் பொட்டலப் பகுதி மட்டும் திறந்திருக்கும். பின்பக்கத்துச் சந்தில் காரை நிறுத்தலாம்; முன்னால் நிறுத்தினால் மற்றவர் கார் வெளியேற வழி இருக்காது, அதன்பின் ஹாரனைத்தான் கேட்டுக்கொண்டு சாப்பிடவேண்டும். அமைதி வேண்டுமென்றால் 11.45க்குள் உட்கார்ந்துவிடுங்கள், கூட்டம் 12.30க்குத்தான் சேரும். மீன் தலை வெள்ளிக்கிழமை மட்டும், ஆறே ஆறு தலைகள், பெரும்பாலும் ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும். சொல்லுமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் நேரமாகும்.